ஒப்பிடத் தகுந்த நாற்றம்

வெள்ளம் வடிந்த வீட்டை என்ன செய்வது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், நகராட்சி ஒரு கையேடு போட்டது. வழவழப்பான தாள். அட்டையில் ஒரு குடும்பம் வெள்ளை வெளேரென்ற சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. வெள்ளம் தங்கள் வீட்டுக்கு வந்துபோனதில் அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சி பல்லில் தெரிந்தது.

தெருவிலேயே அந்தக் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தவர் தையல்காரர் ஒருவர்தான். அவர் செய்த தப்பும் அதுதான்.

அவருக்கு அவசரம் இருந்தது. மனைவியோடு சகலை வீட்டு ஹாலில் குடியிருந்தார். சகலை தங்கமானவர். "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க அண்ணே, இது உங்க வீடு மாதிரி" என்பார். 'மாதிரி' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்துவார். தையல்காரர் குளியலறைக்குள் போன மறுநிமிடம் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைப்பார். சாப்பிட உட்கார்ந்தால், "உங்க தெருவுல தண்ணி வடிஞ்சிருச்சாமே!" என்று, அப்போதுதான் தந்தி வந்ததைப் போல, தினமும் புதிதாக ஆச்சரியப்படுவார்.

ஆகவே தையல்காரர் கையேட்டில் கண்டபடி நடந்தார். சேறு இறுகுவதற்குள் வாரி வெளியே கொட்டினார். சுவர்களை மேலிருந்து கீழாகக் கழுவினார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிவைத்தார். நனைந்த மெத்தையை 'மனம் கலங்காமல் அப்புறப்படுத்தவும்' என்று போட்டிருந்ததால், மனம் கலங்காமல் அப்புறப்படுத்தினார். கலங்கியது மனைவிதான். மனைவி கலங்கினால் என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை.

நாலைந்து நாள் முதுகொடிய வேலை செய்தபின், மூச்சை எவ்வளவு இழுத்தாலும் வீட்டில் ஒரு வாடையும் இல்லை.

பாக்கி இருந்தது கரண்ட் ஒன்றுதான். அதைப் பற்றிக் கடைசிப் பக்கம் சொன்னது: 'நாற்றம் உள்ள இடத்தில் ஈரம் உண்டு. ஈரம் உள்ள இடத்தில் மின்சாரம் ஆபத்து. எனவே ஒவ்வோர் இல்லத்தின் நாற்றமும் தகுதி வாய்ந்த அலுவலரால் ஆய்வு செய்யப்பட்டு, சான்று வழங்கப்பட்ட பின்னரே மின் இணைப்பு மீட்டளிக்கப்படும்.'

படிக்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மனிதனை வதைக்கிற விஷயங்கள் எல்லாமே படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

தகுதி வாய்ந்த அலுவலர் வந்தார். மோப்ப ஆய்வாளர் என்று பெயர். கழுத்தில் அடையாள அட்டை, மூக்கில் கைக்குட்டை. பின்னால் பியூன், துணி சுற்றிய ஒரு பாட்டிலைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்தபடி.

"நல்லா இழுத்துப் பாருங்க சார்" என்றார் தையல்காரர் பெருமையாக.

"எனக்குச் சளி. மூணு வருஷமா எந்த வாசனையும் தெரியாது."

"அப்ப எப்படி சார்..."

"இவர் மோப்பார். நான் கையெழுத்துப் போடுவேன். மோக்கிறதும் கையெழுத்தும் ஒரே ஆள்கிட்ட இருந்தா முறைகேடு நடக்கும்னு விதி."

பியூன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. மூடினார். பிறகு ஹாலை முகர்ந்தார், சமையலறையை முகர்ந்தார், தையல்காரரையும் ஒருமுறை முகர்ந்தார்.

"ஒண்ணும் வரல சார்."

"அதான் சார்! கையேட்டுல போட்டபடியே கழுவிட்டேன்."

"எந்தக் கையேடு?"

"நீங்க போட்டதுதான்."

"அது மக்கள் தொடர்புப் பிரிவு போட்டது. நாங்க மோப்பப் பிரிவு" என்றார் ஆய்வாளர், ஏதோ பகை நாட்டைப் பற்றிச் சொல்வதைப் போல. "இந்தப் பாட்டில்ல இருக்கிறதுதான் மாதிரி நாற்றம். எங்க தலைமை அலுவலகக் கீழ்த்தளத்துல நேரடியா பிடிச்சது. உங்க வீட்டு நாத்தம் இதைவிடக் கம்மியா இருந்தா சான்று குடுத்துடுவேன்."

"என் வீட்டுல நாத்தமே இல்லையே. அப்ப கம்மிதானே சார்?"

ஆய்வாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கம்மின்னு எழுதணும்னா முதல்ல ஏதாவது இருக்கணுங்க. இல்லாததை எதோட ஒப்பிடறது? நாளைக்குத் தணிக்கைல கேட்டா நான் எதை மோந்து காட்டுவேன்?"

"சைபர்னு போட்டுக்குங்களேன்."

"போட்டா, ஆய்வுக்கே போகல, ஆபீஸ்ல உக்காந்து எழுதிட்டான்னு சொல்லுவாங்க. இருபத்தி ரெண்டு வருஷ சர்வீசுங்க எனக்கு. நீங்க ஒப்பிடத் தகுந்த நிலைக்கு வாங்க, அப்புறம் பாக்கலாம்."

அடுத்த வீடு லாரி டிரைவருடையது. வெள்ளம் வந்தபோது அவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வடிந்தபிறகு வந்து, கதவைத் தள்ளித் திறந்து, அதே மெத்தையில் படுத்துத் தூங்கினார். அவர் எடுத்த மீட்பு நடவடிக்கை அவ்வளவுதான். பியூன் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "பாட்டிலைவிட ஒரு நூல் கம்மி சார்" என்றார். ஆய்வாளர் டிரைவரின் கையைக் குலுக்கினார். மற்ற வீட்டுக்காரர்கள் கையேட்டைப் படிக்காமலே வீட்டைக் கழுவித் தொலைத்திருந்ததால், அவர்களுக்கும் சான்று கிடைக்கவில்லை. சாயங்காலம் அந்தத் தெருவில் அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

'முன்மாதிரி இல்லம்' என்று வாசலில் பலகை அடித்தார்கள். சமூகக்கூடத்தில் கூட்டம் போட்டு டிரைவரை மேடையேற்றினார்கள்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்றார் டிரைவர் கூச்சத்தோடு.

"அதைத்தான் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க" என்றார் ஆய்வாளர். முன்வரிசையில் இரண்டு பேர் குறிப்பெடுத்தார்கள்.

சகலை வீட்டுக்கு வந்து தையல்காரர் நடந்ததைச் சொன்னார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பவே சொன்னேன், இப்படி விழுந்து விழுந்து தேய்க்காதீங்கன்னு. ஊர்ல எல்லாரும் மனுசங்களா இருக்காங்க, உங்களுக்கு மட்டும் கை சும்மா இருக்காது."

குளியலறைப் பக்கமிருந்து ஒரு கனைப்பு கேட்டது. உள்ளே யாருமே இல்லை. சகலைக்கு அது பழக்கமாகிவிட்டது.

மறுநாள் தையல்காரர் கத்தரிக்கோலோடு டிரைவர் வீட்டுக்குப் போனார்.

"தம்பி, அந்த மெத்தையைக் கொஞ்சம் இரவல் குடுப்பா."

"முழுசாவாண்ணே? அப்புறம் நான் எதுல படுக்கிறது? வேணும்னா ஓரமா கொஞ்சம் வெட்டிக்குங்க."

வெட்டும்போது எதிர்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் தெருவே டிரைவர் வாசலில் நின்றது. தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஹாலுக்கு ஒரு முழம், சமையலறைக்கு ஒரு சாண். டீச்சர் மட்டும், "எனக்கு நடுவுல இருந்து குடுங்க. ஓரத்துல வீரியம் இல்லைன்னு சொல்றாங்க" என்று பிடிவாதம் பிடித்தார். வெட்டிய துண்டுகளில் பிசிறு தொங்கியது. பிசிறோடு வேலையை வெளியே அனுப்பித் தையல்காரருக்குப் பழக்கமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தார். அன்று முதல் டிரைவர் வெறுந்தரையில் படுத்தார், முன்மாதிரியாக.

அப்புறம் அது நாகரிகமாகவே ஆகிவிட்டது. டீச்சர் தன் துண்டுக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கடைத்தெருவில் ஒருவன் பாலிதீன் உறையில் போட்டு 'அசல் வெள்ள மணம், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்' என்று விற்றான். தண்ணீரே ஏறாத மேட்டுத் தெருவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்கள்.

தையல்காரர் தன் பங்கை அலமாரிக்குப் பின்னால் வைத்து, ஜன்னல்களை அடைத்து, ஒரு வாரம் ஊறவிட்டார். பியூன் வந்து முகர்ந்தார். கண்ணில் நீர் வழிய, "ஒப்பிடத் தகுந்தது சார்" என்றார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. இப்ப இருக்கிற நிலையிலயே வீட்டைப் பராமரிக்கணும். எப்ப வேணும்னாலும் வந்து மோப்போம். நாத்தம் மாறியிருந்தா ஃபியூஸைப் பிடுங்கிடுவோம்."

சகலை பெட்டி படுக்கையைத் தானே தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல?" என்று அவர் கேட்டது, ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் மெலிதாகக் கேட்டது.

வீட்டுக்குள் காலை வைத்த மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"ஏங்க, உள்ள ஏதோ செத்துக் கிடக்கு."

"எதுவும் சாகல. அதுதான் நம்ம சான்று."

"இதுல மனுசன் இருப்பானா? அந்தக் கருமத்தைத் தூக்கி எறிங்க. இல்லேன்னா நான் தங்கச்சி வீட்டுக்கே போறேன்."

தையல்காரர் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. மோட்டார் உறுமி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். வெகுநேரம் குளித்தாள். கதவுக்கு வெளியே ஒருவரும் கனைக்கவில்லை.

குளித்துவிட்டு வந்து ஃபேனுக்கு நேர் கீழே தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தாள். டிவியில் செய்தி ஓடியது. நகரிலேயே முதன்முதலாகத் தங்கள் தெரு 'நாற்றத்திலிருந்து மீண்ட தெரு' என்று அறிவிக்கப்பட்டிருப்பதாகவும், மோப்ப ஆய்வாளருக்குப் பதவி உயர்வு என்றும் சொன்னார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தெருவே கைதட்டுவது வீட்டுக்கு வீடு கேட்டது.

தையல்காரருக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து போய், வீடு கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று ஒரு ஜன்னலைப் பாதி திறந்தார். வெளியே மழை விட்ட காற்று, சுத்தமாக, குளிர்ச்சியாக உள்ளே வந்தது.

மனைவி பதறியடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? சாத்துங்க அதை. காத்து பட்டு, இருக்கிறதும் போயிடப்போகுது!"