சுண்ணாம்பு பாஸ் பஸ்ஸில் கொண்டுபோன வீடு

இல்லாத வீட்டின் இல்லாத நிலைப்படியில் தலை இடித்துவிடாமல் குனிந்து போகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்துச் சுண்ணாம்பு பாஸ். பாஸ் என்றதும் கோட்டுப் போட்ட முதலாளியை நினைத்துவிடாதீர்கள். வீடு கட்டும் மேசனை எங்கள் மலையில் பாஸ் என்போம். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு துண்டுக் காணி கொடுத்து, ஒட்டுச் சுவர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்து தனி வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். காணி சரி, கட்டுவதற்குக் காசு? எல்லோரும் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பாஸ் வந்து சேர்ந்தார். மேட்டை வெட்டும்போது வருகிற மண்ணையே சலிப்பார். கொஞ்சம் சீமெந்து கலந்து ஓர் இரும்புப் பெட்டியில் போடுவார். அதன் நீளக் கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினால் கல் தயார். சூளை வேண்டாம், சூளைக்கு மரம் வெட்டவும் வேண்டாம்.

"மண்ணு கல்லு மழைக்குக் கரைஞ்சு போயிறாதா பாஸ்?" என்று கேட்டார் கங்காணி வேலுசாமி.

"நீங்க தெனம் குளிக்கிறீங்களே, கரைஞ்சா போயிட்டீங்க?"

இதுவரைக்கும் மனுசன் சரிதான். கிறுக்கு இனிமேல்தான். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் வீடு முழுவதையும் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டுவிடுவார். அறை, குசினி, வாசல் எல்லாம் இருக்கும். வீட்டுக்காரர்கள் ஒரு பின்னேரம் அதற்குள் குடியிருந்து காட்ட வேண்டும். "கட்டுறதுக்கு முன்னாடி வாழ்ந்து பாத்துறணும்ங்க. பொறவு செவர இடிக்கச் சொன்னா எனக்கு நெஞ்சு வலிக்கும்" என்பார்.

வேலுசாமி இந்தக் குடியிருப்பின்போது வெற்றிலை எச்சில் துப்பக் கோட்டைத் தாண்டி வெளியே போனார். பாஸ் அப்படியே தன் மேசன் கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுவிட்டார். "செவருக்குள்ள நடந்து போறவருக்கு வீடு எதுக்கு?" கடைசியில் கங்காணி அந்தக் கோட்டிடம் மன்னிப்புக் கேட்டார். ஆமாம், கோட்டிடம்தான். இன்னொரு காணியில் கொய்யா மரம் ஒன்று நின்றது. அதை வெட்டாமல் சுவரையே வளைத்துப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "மரம் உங்களுக்கு முந்தியே குடிவந்திருச்சுல்ல" என்றார்.

பின்னேரம் பனி இறங்கும் நேரத்தில் அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே குடும்பங்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும். இல்லாத ஜன்னலில் ஒருத்தி இல்லாத திரைச்சீலையை ஒதுக்கிவிடுவாள். பனி மூடினால் கோடும் மறைந்துவிடும், பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார், கனவு கினவு எனக்கு ஆகாது. நானே ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. லயத்தில் ஒரே ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. சுவர்போல ஒரு பழைய சேலை தொங்கியது. இந்தப் பக்கம் நானும் புஷ்பாவும், அந்தப் பக்கம் அம்மாவும் தம்பி குடும்பமும். புஷ்பா தும்மினால் அடுத்த காம்பராவிலிருந்து "நூறு வயசு!" என்று குரல் வரும். ஒருநாள் அவள் பையைக் கட்டிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜிலுள்ள தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "வீட்டக் கட்டிட்டுக் கூப்பிடுங்க, வாறேன்."

அம்மா பேரில் காணி இருந்தது. நான் பாஸிடம் ஓடினேன். "வீட்டுக்காரம்மா நடந்து பாக்காம நான் அத்திவாரத்துக்கு நூல் கட்டமாட்டேன்" என்றார்.

"நான் நடக்கிறேனே!"

"நீங்க ஸ்கூலுக்குப் போயிருவீங்க மாஸ்டர். உள்ள இருக்கப்போறது அவங்கதானே?"

ஆள் அனுப்பிக் கேட்டேன். "கட்டாத வீட்டுல நடக்க நான் என்ன பைத்தியமா?" என்று பதில் வந்தது. கட்டினால்தான் வருவாளாம், வந்தால்தான் கட்டுவாராம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாதங்கள் ஓடின. "அந்தப் புள்ள வராமலே போயிருமோடா?" என்று அம்மா கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

பாஸ் யோசித்தார். "அவங்க வீட்டுக்கு வரலைன்னா, வீடு அவங்ககிட்ட போவட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்குச் சுண்ணாம்போடு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சாக்கில் என்ன என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். "கெதரக் மாத்தயா" என்றார் பாஸ், வீடு ஐயா என்று. கண்டக்டர் சாக்கைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், வீட்டுக்கு ஓர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

மாமனார் லயத்துக்கு முன்னாலிருந்த வெளியில் பாஸ் கோடு போட ஆரம்பித்ததும் மாமனார் பதறிப்போனார். "மருமகனே, கோடாங்கியவா கூட்டிட்டு வந்திருக்கீங்க? எம்மகளுக்குப் பேயெல்லாம் ஒண்ணுமில்லீங்க!"

புஷ்பா கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றாள். "வாங்கம்மா, வாசல் இந்தப் பக்கம்" என்றார் பாஸ். அங்கிருந்தபடியே கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, "குசினியில பொக எப்புடிப் போகும்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"அடுப்புக்குக் குழாய் வெச்சிருக்கேன். கண்ணு எரியாது."

"தண்ணி?"

"கூரைத் தண்ணிய ஒரு பீப்பாவுல புடிச்சிருவோம். மழைக்காலத்துல தண்ணி எடுக்கப் பீலிக்கு நடக்க வேணாம்."

"அத்தைக்கு?"

"தனி அறை."

மெல்ல வாசல் வழியாக உள்ளே வந்தாள். குசினியைப் பார்த்தாள். கடைசி அறையின் முன்னால் நின்று, "இதுக்குக் கதவு இருக்கா பாஸ்?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. உள்பக்கம் கொண்டியும் இருக்கு."

அவள் உள்ளே போய் இல்லாத கதவைச் சாத்தினாள். இல்லாத கொண்டியைப் போட்டாள். தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். லயத்தில் இருந்த காலமெல்லாம் அவள் அழுது நான் பார்த்ததேயில்லை. அங்கே அழுவதற்கு இடம் இருக்கவில்லை என்பது இந்த மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாரும் திரும்புங்க!" என்று பாஸ் அதட்டினார். "உள்ள ஆளிருக்கு, என்ன வேடிக்க?" மாமனார், மாமியார், கூடிநின்ற அயலவர் அத்தனை பேரும் மலையைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் மட்டும் நின்றேன். "மாஸ்டர், நீங்களுந்தான். கதவு சாத்தியிருக்குல்ல?" நானும் திரும்பினேன். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள், பக்கத்திலிருந்தவர் வாயைப் பொத்தினார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பின்னால் புஷ்பாவின் குரல் கேட்டது. "ஜன்னல் மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும் பாஸ்." சொல்லிவிட்டு லயத்துக்குள் போய்ப் பையோடு வந்தாள்.

மறுநாளே பாஸ் நூல் கட்டினார். எத்தனையோ மழை அடித்துவிட்டது, எங்கள் வீட்டில் ஒரு கல்லும் கரையவில்லை. பாஸ்தான் இப்போது இல்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அன்று திரும்பி வந்த பஸ்தான். பாஸ் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் தலையிலிருந்த சுண்ணாம்பெல்லாம் என் புது நீலச் சட்டையில். உதறலாமென்று தோளை லேசாக நகர்த்தினேன்.

"அசையாதீங்க, பாவம் தூங்கட்டும்" என்றாள் புஷ்பா.

பஸ் மாற வேண்டிய ஹட்டன் வரும்வரைக்கும் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.