அரியணை வேண்டாமென்று அழுத புலி

ஒரு காட்டில், அதிலும் கொரிய தேசத்து மலைக்காடு ஒன்றில், மேங்ஹோ என்ற புலியார் அரசாண்டுவந்தார். மற்றக் காடுகளில் இளவரசர்கள் அரியணை வேண்டுமென்று அடித்துக்கொள்வார்கள். இந்தக் காட்டில் அந்த அநாகரிகம் கிடையாது. இங்கே அரியணை வேண்டாமென்றுதான் அடித்துக்கொண்டார்கள்.

காரணம், மேங்ஹோவின் ஒரு பழக்கம். யாரோ தன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் போதும், "எனக்கு வயசாயிடுச்சு, முடியைத் துறக்கப் போறேன்" என்று அறிவித்துவிடுவார். உடனே அரண்மனை முற்றத்தில் வைக்கோல் பாய்களை விரிப்பார்கள். பட்டத்து இளவரசர் முதல் பல்லக்குத் தூக்கும் எருது வரை எல்லோரும் அதில் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு, "ஆணையைத் திரும்பப் பெற்றருளுங்கள், இல்லையேல் எம்மைக் கொன்றருளுங்கள்" என்று கதற வேண்டும். கொன்றருளுங்கள் என்பது அங்கே வெறும் மரியாதை. நாம் வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பதைப் போல. அரசர் மூன்று முறை மறுப்பார், பிறகு மனமிரங்குவார். அதற்குள் யார் யார் சரியாக அழவில்லை என்று ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்துக்கொள்வார்.

அரசரின் தம்பி ஒருமுறை விவரம் புரியாமல், "சரிங்க அண்ணா, நீங்க ஓய்வெடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். இப்போது அரியணையின்மேல் விரித்திருக்கும் வரித்தோல் அவருடையதுதான்.

மூத்த இளவரசர் ஹியோன் அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். அவருக்கு ராஜ்ய ஆசை அவ்வளவாக இல்லை. தன் தோல் தன் உடம்பிலேயே இருக்கவேண்டும் என்ற ஒரே ஆசைதான். அதற்காக அவர் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. முழங்கால் காய்த்துப் போயிற்று, நெற்றியில் மயிர் முளைப்பதையே விட்டுவிட்டது. தூக்கத்தில் யாராவது தொட்டு எழுப்பினால்கூட "கொன்றருளுங்கள்" என்றுதான் கண் விழிப்பார்.

போட்டிக்கு ஓர் ஆள் இருந்தது. சின்ன ராணியின் மகன் சொக். இளையவனைப் பட்டத்தில் உட்காரவைக்க வேண்டும் என்பது நரி மந்திரி யூவின் கணக்கு. அரியணையை யார் அதிகமாக வெறுக்கிறாரோ அவருக்கே அது கிடைக்கும் என்று நரிக்குத் தெரியும். அதனால் சொக்கின் பாய்க்குப் பின்னால் கூலிக்கு ஊளையிடும் ஓநாய்களை உட்கார்த்தி வைத்தது.

"என் பிள்ளை அழுததுல பாதிகூட உங்க மூத்தவன் அழலையே, கவனிச்சீங்களா?" என்று சின்ன ராணி அரசரின் காதைக் கடிப்பாள். அடுத்த முறை ஹியோன் இன்னும் உரக்க அழுவார். தொண்டை கட்டிவிடும். கஷாயம் குடிப்பார். மறுபடியும் அழுவார். இதற்கு அரசியல் என்று பெயர்.

அழுகை நடக்கும் நாட்களில் அரண்மனையில் வேறு எந்த வேலையும் நடக்காது. இது மக்தோல் என்ற கழுதைக்குத்தான் நன்றாகத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் உப்பு மூட்டை கொண்டுபோக அதற்கு ஒரு வழிச்சீட்டு வேண்டும், சீட்டில் ராஜமுத்திரை வேண்டும். டோக்கன் எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனால், நாரை குமாஸ்தா ஒற்றைக்காலில் நின்றபடி, "இன்னைக்கு எல்லாரும் அழுகைப் பணியில இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்பார்.

"நாளைக்கு அழ மாட்டாங்களா?"

"அது அரசரோட மனசைப் பொறுத்தது. அடுத்த டோக்கன்."

மக்தோல் நாளைக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மழைக்காலம் வந்து மூட்டையில் பாதி உப்பு கரைந்தபோது, வரிசையில் நின்றபடியே அது வாய்விட்டு அழுதது. அழுகைப் பணி என்று நினைத்துக் காவலர்கள் ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இப்படியிருக்க, ஒருநாள் மேங்ஹோவுக்கு நிஜமாகவே அலுத்துவிட்டது. ஹியோனை உள்ளறைக்கு அழைத்தார்.

"டேய், இந்தத் தடவை நிஜமாத்தான் சொல்றேன். பல்லெல்லாம் ஆடுது. கஞ்சிதான் இறங்குது. வெந்நீர் ஊற்றுப் பக்கம் போய்க் கிடக்கலாம்னு இருக்கு. இந்தா, முத்திரையைப் பிடி."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. ஹியோனுக்கு ஒரு நொடி நெஞ்சு இளகிற்று. பிறகு, சித்தப்பாவிடமும் இப்படித்தான் கண் கலங்கினார் என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வந்தது. சடாரென்று தரையில் விழுந்தார்.

"என்னைக் கொன்றருளுங்கள், தந்தையே."

"கொல்றதுக்காடா கூப்பிட்டேன்? சத்தியமாச் சொல்றேன்."

சத்தியம் என்றதும் ஹியோன் நெற்றியை இன்னும் பலமாகத் தரையில் முட்டிக்கொண்டார். அரசர் எழுந்து சபைக்கு வந்தார். சொக்கைக் கூப்பிட்டார்கள். அவர் ஓநாய்களோடு வந்து அழுதார். நரியிடம் முத்திரையை நீட்டினார்கள். அது மயங்கி விழுந்தது. சபை முழுக்க ஒப்பாரி எழுந்தது. மேங்ஹோ எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பாவம், வாழ்நாளில் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறார், நம்ப ஆளில்லை. முத்திரையை அரியணைமேல் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்துபோய்விட்டார். எல்லோருடைய நெற்றியும் தரையில் இருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

அரசர் பதில் பேசவில்லையென்றால் கோபம் இன்னும் ஆறவில்லை என்று பொருள். அதனால் சபை காலி அரியணையைப் பார்த்து மேலும் மேலும் கதறிக்கொண்டிருந்தது. அப்போது ஒலிபெருக்கி மக்தோலின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது. கழுதை உள்ளே வந்து பார்த்தால் எல்லோரும் குப்புறக் கிடக்கிறார்கள், முத்திரை கேட்பாரற்றுக் கிடக்கிறது. நின்று நின்று அதற்குக் கால் கடுத்தது. இருந்தது ஒரே ஆசனம். உட்கார்ந்து, தன் வழிச்சீட்டில் தானே முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்திக்கொண்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் தலைநிமிர்ந்தார்கள். நரி வேகமாக யோசித்தது. இவர் அரசரில்லை என்றால் வேறு யார் அரசர் என்று கேள்வி வரும். அதற்கு ஒரு பெயரைச் சொல்வது ராஜதுரோகம்.

"மாமன்னர் வாழ்க" என்றது நரி. சபையும் வாழ்க என்றது.

மூன்று முறை மறுக்க வேண்டும் என்று மக்தோலிடம் யாரும் சொல்லித்தரவில்லை. "சரி, ஆகட்டும்" என்று சொல்லிவிட்டது. முதல் ஆணையும் அப்போதே பிறந்தது: "இனிமே யாரையும் நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பக் கூடாது. கேக்கறதை அன்னைக்கே குடுத்து அனுப்பிரணும்."

ஹியோனுக்கு மூச்சு சீராக வந்தது. அப்பா இல்லை, சோதனை இல்லை, ஜன்னலில் எட்டிப்பார்க்கும் கண்ணும் இல்லை. எங்காவது ஒரு குகை பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தோலோடு வாழலாம். மகிழ்ச்சியாகப் புது அரசருக்கு வணக்கம் சொல்லப் போனார்.

நரி, இவர் பழைய அரசரின் மூத்த மகன் என்று காதில் ஓதியது. மக்தோல் நல்ல ஜீவன், பதறி எழுந்துவிட்டது.

"இது உன்னோட இடமாமே தம்பி? வேணும்னா எடுத்துக்கப்பா. எனக்கு வந்த வேலை முடிஞ்சுபோச்சு."

ஹியோன் யோசிக்கவே இல்லை. யோசிக்குமுன்பே முழங்கால் மடங்கிவிட்டது.

"என்னைக் கொன்றருளுங்கள்."

"என்னது?"

"கொன்றருளுங்கள், மாமன்னரே."

மக்தோல் நரியைப் பார்த்தது. "இதுக்காகவா வந்திருக்கான்?"

"பல வருஷமா இதைத்தாங்க கேட்டுட்டு இருக்கார்" என்றது நரி. "பழைய அரசர் கடைசிவரைக்கும் செஞ்சே குடுக்கலை."

கழுதையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. முத்திரையை எடுத்தது. ஹியோன் பதறிப்போனார். "இல்லைங்க, நீங்க மூணு தடவை மறுக்கணும், அப்புறம் மன்னிக்கணும். அதுதான் முறை."

"ஒரு வேலைக்கு மூணு தடவை அலைய விடறது பெரிய பாவம், தம்பி. நான் அனுபவிச்சவன்" என்று சொல்லி, மக்தோல் முத்திரையைக் குத்தியது. கரடிக் காவலர்கள் ஹியோனை அழைத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் காரியம் முடிந்தது. அந்தக் காட்டில் ஒரு மனு அன்றைக்கே நிறைவேறியது அதுதான் முதல் தடவை.

"அடுத்து யாரு? உனக்கு என்னப்பா வேணும்?" என்று மக்தோல் கனிவாகக் கேட்டது.

வரிசையில் அடுத்து நின்றவர் சொக். அவருக்கும் முழங்கால் மடங்கத்தான் பார்த்தது. தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார். "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நீதி: அரசு அலுவலகத்தில் வேலை இழுத்தடிக்கிறதென்று குறை சொல்லாதீர்கள், நம்மில் பலர் உயிரோடு இருப்பதே அதனால்தான்.