ஓடாமலிருக்க ஒரு கார்

மற்றவர்கள் ஓடுவதற்காகக் கார் வைத்திருந்தார்கள்; கட்டட வரைபடம் போடும் நம் கதாநாயகர் ஓடாமலிருப்பதற்காக வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் மூன்றாம் கையாக வாங்கியது. மழை பெய்தால் இருமும். வெயிலடித்தால் மூச்சு வாங்கும். இரண்டும் இல்லாத நாளில் காரணம் சொல்லாமலே படுத்துவிடும். "வித்துத் தொலைங்களேன்" என்று மனைவி சொல்லாத வாரமில்லை. அவரா விற்பார்? அதன் கெட்ட பெயரே அவருடைய சொத்து.

ஏனெனில், ஞாயிறுதோறும் மாமனார் வீட்டுக்குப் போயாக வேண்டும். மாமனார் சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து நோட்டுப்புத்தகம் தீர்ந்தும் கதையில் அவருக்கு ஆறு வயது நிரம்பவில்லை. அதை உரக்கப் படிப்பார். மருமகன் தலையாட்ட வேண்டும். தப்ப வேண்டிய ஞாயிறுகளில் மருமகன் கார் மூடியைத் திறந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் ஒரு சாண் ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கார் அசையாது. அந்தக் காரைத் தெரிந்த எவரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. தெருச் சங்கத்தின் சதுரங்கப் போட்டியில், வாழ்நாளில் முதன்முறையாக, இறுதியாட்டத்துக்கு வந்திருந்தார். எதிராளி பக்கத்து வீட்டுத் தையற்காரர். நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றுக்கே ஒயர் பைக்குள் போய்விட்டது.

சாவியைத் திருகினார். கார் முனகியது. அவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"போச்சு. இன்னிக்கும் மக்கர் பண்ணுது. அடுத்த வாரம் போலாம்."

"அடடா! அப்பா ஆசையா காத்துக்கிட்டிருப்பாரே," என்றாள் மனைவி. "இறங்குங்க."

"எதுக்கு?"

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன், நீங்க தள்ளுங்க. தள்ளினா கிளம்பிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

தையற்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "தள்ளுங்க சார், தள்ளுங்க! நாலு மணி ஞாபகம் இருக்கட்டும்."

"ஒரு கை குடுக்கக் கூடாதாய்யா?"

"காய் நகத்தற கை சார். சுளுக்கிக்கிட்டா?"

சதுரங்கத்தில் நான்கு நகர்த்தலை முன்கூட்டியே காண்பவர், இந்த ஒன்றைக் காணவில்லை. தள்ளாவிட்டால் ஏனென்று கேட்பாள்; தள்ளினாலோ கிளம்பவே கிளம்பாது. தள்ளினார்.

"இருமுது, இருமுது! இன்னும் கொஞ்சம்!" என்றாள் பள்ளிக்கூட மூலையில்.

"அது நான் இருமறேன்! வீட்டுக்கே திருப்பிடலாம்மா..."

"திரும்பினா மேடுங்க. அப்பா வீடு பக்கம்தான் சமதரை."

இந்தக் கதையை அவர் சொல்லும்போது தூரம் மூன்று கிலோமீட்டர். மனைவி சொல்லும்போது ஒன்றரை. வழியில் ஒருமுறையேனும் கார் கிளம்பியதாக இருவர் சொல்வதிலும் இல்லை.

மாமனார் ஆறாம் நோட்டுப்புத்தகத்தோடு வாசலில் நின்றார். மணி நான்கேகால். எதிராளியே வராத ஆட்டத்தில் தையற்காரர் இந்நேரம் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருப்பார். மருமகன் கார்மீதே சாய்ந்தார். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மனைவி இறங்கி, கைக்குட்டையால் அவர் நெற்றியைப் பரிவோடு ஒற்றினாள்.

"இப்படித்தாங்க எனக்கும் கை ஓய்ஞ்சு போகும், வாராவாரம் உங்க சட்டைப்பையில கிரீஸ் கறையைத் தேய்ச்சு. உள்ள போய் உக்காந்து கேளுங்க. திரும்பறப்போ தள்ள வேணாம். பையில இருக்கற ஒயரை மாட்டிடுங்க."