அணையாத மாமியார்

தெருவே அந்த மாடி வீட்டில் முண்டியடித்தது. மாமியார் செத்து மாதம் திரும்பவில்லை. அதற்குள் அவரே திரும்பிவிட்டாராம். எங்கே? கூடத்துப் பல்பில்! ஸ்விட்சை அணைத்தாலும் பல்பு மங்கலாக மினுக்குகிறது. உயிரோடிருந்தபோது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் இப்போது பல்பைப் பார்த்துக் கும்பிட்டது.

ஆவி அடிகள் வந்தார். ஆவிகளோடு பேசுபவர், ஆனால் ஆவி பறக்கக் காபி வராமல் வாய் திறக்கமாட்டார். குடித்து முடித்து, ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, கண்ணை மூடினார்.

"அம்மா அழுவுறாங்க. மருமக இருக்குற வீட்ல நிம்மதி இல்லையாம். அவளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிடுங்க. நான் வாரா வாரம் வந்து சாந்தி பண்றேன்."

மகன் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை. பல்பு சொல்லையும் தட்டவில்லை. மனைவியின் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அவள் அடிகளைக் கேட்டாள்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். அத்தை பல்புல இருக்காங்களா, ஹோல்டர்லயா?"

பல்பு என்றால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று அடிகள் கணக்குப் போட்டார். "ஹோல்டர்லதாம்மா. எந்தப் பல்பு போட்டாலும் தெரிவாங்க."

அவள் ஸ்டூலில் ஏறினாள். புது எல்.இ.டி.யைக் கழற்றி, பரணில் கிடந்த பழைய குண்டு பல்பை மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் எரிந்தது. அணைத்ததும் கும்மிருட்டு.

"அம்மாவுக்கு... பழைய பல்பு பிடிக்கல," என்றார் அடிகள்.

"கடைசி வரைக்கும் இதை மாத்தவே விடாதவங்க எங்க அத்தை. செத்தப்புறம்தான் பிடிக்காம போச்சா? அவங்க போனப்புறம் பல்பையும் ஸ்விட்சையும் மாத்தினோம். இந்தப் புது ஸ்விட்சுல சின்னதா சிவப்பு விளக்கு இருக்கில்ல? அணைச்சாலும் அது வழியா துளி கரண்ட் கசியுது. குண்டு பல்புல கம்பி பழுத்தாத்தான் வெளிச்சம். வாங்குற கரண்ட்டுல பெரும்பகுதி சூடாவே போயிடும். துளி எங்க பத்தும்? எல்.இ.டி.ல பழுக்கக் கம்பியே இல்ல. உள்ள இருக்குற சில்லு கரண்ட்டை நேரா வெளிச்சமாக்கிடும். அதான் துளிக்கே மினுக்குது. கரண்ட் பில் குறையும்னு வாங்கினோமே, அதுக்கும் இதே காரணம்தான்!"

எல்லோரும் அடிகள் பக்கம் திரும்பினார்கள். காலி டம்ளர்தான் இருந்தது.

மகன் அசடு வழியப் பெட்டியைத் தூக்கினார்.

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள். "முதல்ல சாதா ஸ்விட்ச் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இருக்குறதா போறதான்னு அப்புறம் நான் சொல்றேன்."

மக்களே, துளி கரண்ட்டுக்கே ஒரு பல்பு வேலை செய்கிறது. மூன்று வேளை சோறு தின்கிற மூளை செய்யக்கூடாதா?