கடனே வாங்காத நூலகர்

"சார், உங்க லோனுக்கு முடியாதுன்னு வந்திருக்கு" என்றாள் வங்கியின் கடன் பிரிவில் இருந்த பெண்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எதுல தப்பும்மா? கையெழுத்துலயா?"

"கையெழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கு சார். உங்க கடன் அறிக்கையிலதான் ஒண்ணுமே இல்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன்? ஐம்பத்தி நாலு வயசு ஆச்சு. இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு காசு கடன் வாங்கினதில்ல."

"அதான் சார் பிரச்சினை."

குடிக்காத ஆளைப் பார்த்து ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன மாதிரி இருந்தது நூலகருக்கு.

"கடன் வாங்கினா நீங்க ஒழுங்கா கட்டுவீங்களான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? முதல்ல உங்க அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். தப்பா ஏதாவது பதிஞ்சிருந்தா திருத்தச் சொல்லலாம்."

"நான் பார்த்தா அதுக்கும் மார்க் குறைப்பீங்களோ?"

"நீங்க பார்க்கறதால ஒண்ணும் ஆகாது. நீங்க கடன் கேட்டு, நாங்க எடுத்துப் பார்த்தாத்தான் அது..."

முதல் வாக்கியத்தோடு நூலகர் எழுந்துவிட்டார். அரைகுறையாகக் கேட்டுவிட்டு எழுந்து போகும் மாணவர்களை இருபத்தெட்டு வருடமாகத் திட்டி வந்தவர் அவர்.

விஷயம் இதுதான். அவரும் மனைவியும் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கும் வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். "பழகின தோஷத்துக்கு உங்களுக்கு ஆறு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள முடியலன்னா புரோக்கர் கூட்டிட்டு வர்ற ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். கையில் மூன்றில் ஒரு பங்கு பணம் இருந்தது. மீதிக்கு வங்கிதான் கதி.

வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய மேஜை கிடந்தது. மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி துணி வெட்டும் மேஜை. வாங்கிய அன்று வாசலில் நுழையவில்லை. தச்சர் அதைப் பலகை பலகையாகப் பிரித்து உள்ளே கொண்டுவந்து, இனிக் கழற்ற முடியாதபடி பசை போட்டுச் சேர்த்துவிட்டுப் போனார். வீட்டைக் காலி செய்தால் அதை அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். மூன்று தையல் மெஷின்களும், உதவிக்கு வரும் இரண்டு பெண்களும், வாரம் ஒரு முறை வந்து நிற்கும் வேனும் இருந்தும், "வீட்டுல சும்மா இருக்க முடியாம ஏதோ தைக்கிறா" என்றுதான் நூலகர் வெளியில் சொல்வார்.

அன்று மாலை அறிக்கையை அச்செடுத்து வந்து மேஜையில் விரித்தார். பெயர், பிறந்த தேதி, விலாசம். அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளை.

"ஒரு எழுத்துப்பிழை கிடையாது. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு! இதைப் பார்த்துட்டா முடியாதுங்கறாங்க?"

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"இரு, இரு. எனக்கு ஒரு வழி தோணிடுச்சு."

வழி என்று அவர் சொன்னது மறுநாள் மின்விசிறியாக வந்து சேர்ந்தது. ஆறு மாதத் தவணை. முதன்முதலாகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நூலகருக்கு அன்றிரவு பொட்டுத் தூக்கம் இல்லை. கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார்.

"மொத்தப் பணத்தையும் கொண்டு வந்துட்டேன். பிடிங்க."

"சார், இன்னும் முதல் தவணையே வரலயே!" என்றார் கடைக்காரர்.

"வந்தா என்ன, வராட்டி என்ன? வாங்கினதைத் திருப்பிக் குடுக்கறதுக்கு நாள் பார்ப்பாங்களா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எடுத்த புத்தகத்தை மறுநாளே கொண்டுவந்து கொடுப்பவர்தான் அவர் கண்ணுக்கு மனிதர். அப்படிப்பட்ட வாசகர்களுக்கு வருடா வருடம் பரிசு கொடுக்கும் வழக்கத்தையே அவர்தான் கல்லூரியில் ஏற்படுத்தினார். தனக்கும் யாராவது பரிசு தருவார்கள் என்று நம்பி வங்கிக்குப் போனார்.

"சார், ஒரே நாள்ல கட்டி முடிச்சிட்டீங்க" என்றாள் அந்தப் பெண், கணினியைப் பார்த்தபடி. குரலில் வருத்தம் இருந்தது. "மாசா மாசம் கட்டுறீங்களான்னு பார்க்கத்தானே சார் தவணை? இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

நூலகருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரில் இந்த ஒரு வங்கிதானா இருக்கிறது? ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் ஏறி இறங்கினார். நான்கு இடத்திலும் விண்ணப்பம் கொடுத்தார். நான்கும் போன வேகத்தில் திரும்பி வந்தன. ஐந்தாவதாகப் போன இடத்தில் ஒரு மேலாளர் அவருடைய அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்த இடத்தில் வரிசையாக நான்கு வரிகள் ஏறியிருந்தன.

"ஒரே வாரத்துல நாலு பேர்கிட்ட கேட்டிருக்கீங்க. பணத்துக்கு ரொம்ப நெருக்கடியோ சார்?"

"நெருக்கடியா? எனக்கா? நீங்கள்லாம் முடியாதுன்னு சொன்னதாலதானே சார் நாலு இடம் போனேன்!"

"அது இதுல வராதே சார்."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காம கேளுங்க."

"கடன் விஷயம் உனக்குப் புரியாதும்மா. இது வேற உலகம். எனக்கே இப்பத்தான் பிடிபடுது."

அவள் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

நூலகர் பழைய வங்கிக்கே திரும்பினார். அந்தப் பெண்ணுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டிருந்தது. அவருடைய வைப்புத் தொகையை ஈடாக வைத்து ஒரு கடன் அட்டை வாங்கிக் கொடுத்தாள்.

"இந்தத் தடவை உடனே ஓடிப்போய்க் கட்டிடாதீங்க சார். பில் வரட்டும். கடைசி தேதி போட்டிருக்கும். அதுவரைக்கும் பொறுமையா இருந்து கட்டுங்க."

பொறுமைதானே? நூலகர் அட்டையில் இரண்டு சட்டை வாங்கினார். பில் வந்தது. கடைசி தேதி பதினைந்து. பத்தாம் தேதி கை பரபரத்தது. பன்னிரண்டாம் தேதி பில்லை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு வங்கி திறந்ததும் பணத்தைக் கட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

பதினாறா என்று கேட்காதீர்கள். அவருடைய நூலகத்தில் கடைசி தேதிக்கு மறுநாள், மூடும் நேரம் வரைக்கும் அபராதம் கிடையாது. ஒரு நாள் சலுகை. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவர் அவரேதான். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது மாதம் மறுபடி அறிக்கையை எடுத்துப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். கடைசியில் அவருக்கென்று ஒரு மதிப்பெண் வந்துவிட்டது! அச்செடுத்த தாளோடு நேராக வங்கிக்கு ஓடினார்.

"வந்துடுச்சும்மா! ஐந்நூத்தி முப்பத்தி ரெண்டு!"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "சார், எழுநூறுக்கு மேல இருந்தாத்தான் நாங்க பேசவே ஆரம்பிப்போம். இது வராமலே இருந்திருக்கலாம்."

அன்று மாலை தெருமுனையில் புரோக்கர் எதிரே வந்தார்.

"சார், என்ன ஆச்சு? வேற ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. நல்ல பலமான பார்ட்டி. பேங்க்ல போன மூணாவது நாளே ஓகே சொல்லிட்டாங்களாம்."

நூலகர் அவரை மறித்து நின்றார். "யாரு அது?"

"இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார். வீட்டுக்காரர் உங்களுக்குக் குடுத்த ஆறு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் காத்திருக்கேன்னும் சொல்லிட்டாங்க. தங்கமான மனசு."

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார். "எவனோ ஒருத்தன், வாங்காத கடன் இருக்காது போலிருக்கு, அவனுக்கு மூணே நாள்ல குடுக்கறாங்க! யோக்கியனுக்கு இந்த நாட்டுல வழியே இல்ல. அந்த ஆள் என் கண்ணுல மட்டும் படட்டும்!"

"பட்டா என்ன பண்ணுவீங்க?"

"மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். அடுத்த திரைச்சீலையை எடுத்து மெஷினில் வைத்தாள்.

மீதி இரண்டு மாதமும் நூலகர் சளைக்கவில்லை. தாமதத்துக்குக் காரணம் விளக்கி, நூலக விதியின் நகலையும் இணைத்து, கடன் அறிக்கை தயாரிக்கும் அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். "தங்கள் விளக்கம் பெறப்பட்டது. தாமதம் உறுதி செய்யப்படுகிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதுவரை தாமதம் மட்டுமாக இருந்தது, இப்போது உறுதி செய்யப்பட்ட தாமதமாகிவிட்டது.

ஆறு மாதம் முடிந்த நான்காம் நாள் நூலகர் லீவு போட்டார். அட்டைப் பெட்டிகளைக் கூடத்தில் பரப்பிப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடித்ததும் டேப்பை எடுத்து மேஜையை அளந்தார். வாசலை அளந்தார். மறுபடி மேஜையை அளந்தார். எத்தனை முறை அளந்தாலும் வாசல் அதேதான்.

"தச்சரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. "நடுவுல அறுத்தா ரெண்டு சின்ன மேஜையா ஆகும்னு சொன்னார்."

"அறுக்க வேண்டாம்ங்க."

"வேற வழியில்லம்மா." அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. "நீ பத்தொன்பது வருஷமா பெருக்கித் துடைச்ச வீடு. இதை உனக்கு வாங்கித் தர எனக்குத் துப்பில்ல. கடன் வாங்கறது தப்புன்னு நினைச்சேன். கடன் வாங்கவும் ஒரு திறமை வேணும் போலிருக்கு. எனக்கு அது வரல."

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டினாள்.

"ஆறு மாசமா நான் ஒண்ணு சொல்ல வர்றேன். இப்பவாவது குறுக்க பேசாம கேப்பீங்களா?"

"சொல்லு" என்றார் நூலகர், முதல் முறையாக.

அவள் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. புரோக்கர் உள்ளே வந்தார். பெட்டிகளை ஆச்சரியமாகப் பார்த்தார். நூலகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புரோக்கர் அவரைச் சுற்றிக்கொண்டு போய், கையிலிருந்த உறையை இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார்.

"இந்தாங்கம்மா, உங்க பேர்ல பதிவான வீட்டுப் பத்திரத்தோட நகல், மெஷினுக்கும் துணிக்குமா ஏழு கடன் வாங்கி ஒரு தவணை கூடத் தப்பாம கட்டினவங்கன்னு பேங்க்ல ஒரே புகழ்ச்சி, சாரை மட்டும் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட விட்றாதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க."