நாரத்தங்காயம்மாவின் கொடுவாள்

கொல்லிமலையில் கரடிக்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. எங்கள் ரேஞ்சருக்குப் பயப்படாத ஒரே ஜீவன் நாரத்தங்காயம்மாதான். மடியில் எந்நேரமும் இரண்டு நாரத்தங்காய் இருக்கும். அதனால் ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் அது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் காட்டிலாகா ஆபீசில் குமாஸ்தா. மலைமேல் அரியூர் நாடு என்ற பகுதியில் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மிளகுக்கொடி இருந்தது. கொடிக்கு வெயில் படவில்லை என்று, எல்லை தாண்டி சர்க்கார் மரத்தில் ஒரு கிளையை வெட்டிவிட்டார். காவலுக்கு இருந்த பாரஸ்ட் கார்டு கொடுவாளைப் பிடுங்கி வந்து, ஆபீசில் கூரை ஒழுகுகிற அறையில் போட்டார். மழைக்காலம் முழுக்க அங்கே கிடந்த பிறகுதான் நான் கோர்ட்டுக்குப் பட்டியல் எழுதினேன்: 'துருப்பிடித்த பழைய கொடுவாள் ஒன்று.'

கார்டு அதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் வந்தது வினை.

"கெளைய வெட்டுனேனுங்க சாமி. செயிலுக்குப் போவச் சொன்னாலும் போறேன். துருப்புடிச்ச கொடுவான்னு எப்படி எழுதலாமுங்க?"

"துருப்பிடிச்சுத்தானேம்மா இருக்கு?"

"உங்க ஊட்டுக்கு வந்து புடிச்சுதுங்க. என்ற ஊட்டுல இருந்தப்ப அதுல மொகம் பாக்கலாம். அந்த வார்த்தைய அடிங்க."

கேஸ் தோற்றால் கொடுவாள் திரும்பி வராது. அதைப் பற்றி ஒரு பேச்சில்லை. அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு மானப் பிரச்சினை. ஒரு பிரதி கோர்ட்டுக்குப் போய்விட்டது, அடிக்க முடியாது என்றேன்.

"காயிதத்துல இருக்கற துருவ எடுக்க முடியாதுன்னா, கொடுவாளுல இருக்கறத நானே எடுத்துக்கறேனுங்க."

அடுத்த சந்தை நாளே நாரத்தங்காய், சாம்பல், தேங்காய் நார், விளக்கெண்ணெய் சகிதம் வந்துவிட்டார். ரேஞ்சர் கத்தினார். "அது சர்க்கார் வசம் இருக்கிற பொருள். தொடக்கூடாது."

"சரிங்க சாமி. துருவும் சர்க்காரோடதுங்களா?"

ரேஞ்சர் யோசித்தார். அவர் படித்த சட்டத்தில் துருவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "துரு... இல்லை" என்றார்.

"அப்ப அத மட்டும் எடுத்துட்டுப் போறேனுங்க."

கொடுவாள் சர்க்கார் வசத்தை விட்டு நழுவிவிடக்கூடாதே என்று கார்டு பிடியைப் பிடித்துக்கொள்வார். அந்த அம்மா நாரத்தங்காயை இரண்டாக அறுத்து, சாம்பலில் தொட்டுத் தேய்ப்பார். சாறு ஊறும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் ரேஞ்சரைத் திட்டுவார். பிறகு நாரால் உரசி, வெந்நீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசுவார். நாலைந்து சந்தை இப்படியே போயிற்று. கார்டுகள் தங்கள் வீட்டுக் களைக்கொத்து, கத்தியெல்லாம் கொண்டுவந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். ரேஞ்சர் வீட்டு அரிவாள்மணையும் ஒருநாள் ரகசியமாக வந்தது.

"மொதல்ல அந்த வார்த்தைய அடிக்கச் சொல்லுங்க" என்று அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கேஸ் நாளன்று மலையிறங்கிப் போனோம். மாஜிஸ்திரேட் பட்டியலை வாசித்தார். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். அதில் அவர் மீசை தெரிந்தது.

"துருப்பிடித்ததா? துரு எங்கே?"

ரேஞ்சர் கோர்ட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஆபீஸ் வாசலில் வைத்துத் துரு எடுக்கவிட்டேன் என்று சொன்னால் அவர் வேலை போய்விடும். மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். நானும் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாவைக் கேட்டார்.

"என்ற கொடுவா என் கையில இருந்தவரைக்கும் ஒருநாளும் துருப்புடிச்சதில்லீங்க சாமி."

அப்படியானால் பட்டியலில் உள்ள கொடுவாள் இதுவல்ல என்று கேசைத் தள்ளுபடி செய்து, கொடுவாளை அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னார் மாஜிஸ்திரேட்.

மலையேறும்போது ரேஞ்சர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். நான்தான் சிரித்துக்கொண்டே, "ஜெயிச்சுட்டீங்களேம்மா" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"கேசு போச்சுங்க. உங்க காயிதத்துல அது இன்னும் இருக்குதுங்களே."

மறுநாள் காலை ஆபீஸ் பிரதியை எடுத்து, அந்த வார்த்தையை மை தொட்டு அடித்தேன். சர்க்கார் பதிவைத் திருத்துவது குற்றம், வேலைக்கே உலை வைக்கும், எல்லாம் தெரியும். அந்த அம்மா கேட்டால் இன்றைக்கும் அடிப்பேன்.