கேட்டால் மட்டும் தராதவர்

மனிதர்களில் கருமி என்றொரு வகை உண்டு. அவரைப் பற்றி ஏற்கெனவே எல்லோரும் பேசியாகிவிட்டது, பாவம், விட்டுவிடுவோம். வள்ளல் என்றொரு வகை உண்டு. அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். இன்று நான் உங்கள் முன் நிறுத்தப்போவது, இந்த இருவருடைய சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரியும் மூன்றாவது வகையை. இவர் கேட்காமல் எதையும் கொடுப்பார். கேட்டால் மட்டும் தரமாட்டார். அதிலும், அது கேட்பவருக்குச் சேர வேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டதா, போச்சு. சட்டைப்பைக்குள் போன கை போனதுதான், வெளியே வராது.

இவரை அடையாளம் காண்பது எளிது. கொடுக்கும்போது பார்க்காதீர்கள், கொடுக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். கொடுத்த பிறகு பாருங்கள். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளமாட்டார். தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, ஓர் அரை நிமிடம் அப்படியே நிற்பார், நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல. அந்தப் பேருந்துக்குப் பெயர் நன்றி. அது வந்து, அவரை ஏற்றிக்கொண்ட பிறகுதான் நகர்வார்.

நான் நன்றாக அறிந்த ஒருவரையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சின்னதாக ஒரு துப்புரவு நிறுவனம் நடத்துகிறார். ஒரு வேன், மூன்று தூசி உறிஞ்சும் இயந்திரங்கள், எண்ணிலடங்காத வாளிகள், வேன் ஓட்டுபவரையும் சேர்த்துப் பதினோரு ஆட்கள். பதினோரு பேரும் அரைநாள் வேலைக்காரர்கள். காலை ஐந்து மணிக்கு வந்து, அலுவலகங்கள் திறப்பதற்குள் பெருக்கி, துடைத்து, கழிப்பறை கழுவி, குப்பைக்கூடைகளைக் கவிழ்த்து, ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். முதலாளி என்று யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் முகம் வாடிவிடும்.

அண்ணன் செய்யாத உதவி உண்டா? மழை பிடித்துக்கொண்டால் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போவார். யாராவது வீடு மாறினால் வேனை அனுப்புவார். கட்டிலுக்கு ஒரு கை பிடிக்கத் தானும் போவார். பதினோரு பேருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம், அவர்களுடைய பிள்ளைகளின் பிறந்தநாள் உட்பட. கேக் வந்துவிடும். மருத்துவமனை என்று காதில் விழுந்தால் முதல் ஆளாக ஆரஞ்சுப் பழத்தோடு போய் நிற்பார். இதில் எதுவும் நடிப்பில்லை. நல்ல மனிதர்.

அதுதான் சிக்கலே.

ஏனென்றால், விடுமுறைக்குச் சம்பளம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், இதே நல்ல மனிதர் கணக்கு வாத்தியாராகிவிடுவார்.

"நீங்க காலையில நாலு மணி நேரம் வேலை பாக்குறீங்க. சரியா? மீதி இருபது மணி நேரம் என்ன? லீவுதானே? தினமும் இருபது மணி நேரம் லீவுல இருக்கறவங்களுக்கு, லீவுக்கு மேல லீவா?"

இந்தக் கணக்குப்படி பார்த்தால் உலகத்திலேயே அதிக உல்லாசமாக இருப்பது பள்ளிக்கூட மணிதான். அந்த இருபது மணி நேரத்தில், பத்து மணிக்கு ஒரு பள்ளிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்து, நான்கு மணிக்கு ஒரு துணிக்கடையில் சட்டை மடித்துக் கொடுத்து, நடுவில் வீடு என்ற ஒன்றையும் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர். அதை அண்ணன் அறியாதவர் அல்ல. பாராட்டாதவரும் அல்ல. "சிங்கம் மாதிரி உழைக்கிற பொண்ணுங்க" என்று எல்லோரிடமும் சொல்வார். சொல்வதற்குச் செலவில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவர்தான் படிக்கட்டு அக்கா. மின்தூக்கி இல்லாத ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. மூன்றாவது மாடியில் பல் மருத்துவர், மற்றதெல்லாம் அலுவலகம். அதன் நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் மூன்று வருடமாக மேலிருந்து கீழே துடைத்து இறங்குபவர் என்பதால் அந்தப் பெயர். வாரம் ஒருமுறை அண்ணன் பார்வையிட வருவார். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஆள்காட்டி விரலை ஓட்டுவார். விரல் நுனியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தூசி இருக்காது. "ம். சரியா இருக்கு" என்பார். அவ்வளவுதான். செய்ய வேண்டிய வேலையைச் செய்ததற்கு நன்றி எதற்கு என்பது அவர் கட்சி. அது நியாயமான கட்சி என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

ஒரு நாள் ஒன்பது மணிக்கு, அலுவலகம் என்று அண்ணன் அழைக்கும் அந்தச் சரக்கறைக்கு அக்கா வந்தார். ஒரு பக்கம் தரை கழுவும் திரவ டப்பாக்கள். மறு பக்கம் இரண்டு மேசைகள். ஒன்றில் அண்ணன். இன்னொன்றில் அண்ணி, அதாவது அவர் மனைவி, தினமும் காலையில் வந்து சம்பளக் கணக்கு போடுபவர்.

"அண்ணே, எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்."

"எடுத்துக்கோ தங்கச்சி. இதையெல்லாம் கேக்கணுமா?"

"சம்பளத்தோட."

அண்ணன் முகத்தில் கவலை படர்ந்தது. கவலை என்றால் நிஜமான கவலை. கை தானாகச் சட்டைப்பையை நோக்கிப் போனது.

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"மாமியார்?"

"என்னைவிட வேகமா நடக்குறாங்க."

"வீட்டுக்காரருக்கு முதுகு வலின்னு..."

"போன வருஷமே சரியாயிடுச்சு."

"பொண்ணுக்குக் கல்யாணம் கில்யாணம்?"

"ஏழாவது படிக்கிறா அண்ணே."

பாதி வழி போன கை, போவதா திரும்புவதா என்று தெரியாமல் வயிற்றருகே நின்றது.

"அப்போ எதுக்குத்தான் லீவு?"

"சும்மா இருக்கறதுக்கு."

அண்ணன் வாழ்க்கையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. கஷ்டத்துக்குக் கொடுத்திருக்கிறார், சாவுக்குக் கொடுத்திருக்கிறார், வாழ்வுக்குக் கொடுத்திருக்கிறார். சும்மாவுக்கு எப்படிக் கொடுப்பது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பது?

"மூணு வருஷமா சம்பளத்தோட ஒரு நாள்கூட எடுத்ததில்ல" என்றார் அக்கா. "போன தடவை காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தேன். அந்த மாசம் வாடகை இடிச்சுது. அரைநாள் வேலைன்னாலும் அதுக்கேத்த அளவு லீவுச் சம்பளம் உண்டாம். தொழிலாளர் ஆபீஸ்ல கேட்டேன், எழுதியே குடுத்தாங்க."

மேசைமேல் ஒரு தாளை வைத்தார். துடைத்து முடித்த தரையில் கரப்பான்பூச்சியைப் பார்ப்பதுபோல் அண்ணன் அதைப் பார்த்தார்.

"நமக்குள்ள எதுக்கு தங்கச்சி சட்டமெல்லாம்? நான் என்ன வேத்து ஆளா? உன் அண்ணன் இல்லையா?"

"கூடப்பிறந்த அண்ணனா இருந்தா சொத்துல பங்கு கேட்டிருப்பேன். நீங்க முதலாளி. லீவுச் சம்பளம்தான் கேக்குறேன்."

கணக்குத் தாள்களுக்குள் புதைந்திருந்த அண்ணிக்கு இருமல் வந்தது. அது இருமல் அல்ல.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அண்ணன் பட்ட பாடு உங்களுக்கும் எனக்கும் வேண்டாம். கொடுக்க மனம் துடிக்கிறது. கொடுப்பதற்கு ஒரு துயரம் அகப்படவில்லை. கடைசியில் வேன் ஓட்டுநரைத் தூது அனுப்பினார். ஓட்டுநர் மூன்றாம் மாடி வளைவில் அக்காவைப் பிடித்தார்.

"ஏதாச்சும் ஒரு கஷ்டத்தைச் சொல்லிடுங்கக்கா. சின்னதா இருந்தாக்கூடப் போதும். பல்வலின்னாவது சொல்லுங்க. ரெட்டிப்பாவே தர்றேங்கறாரு."

"பல் டாக்டர் வாசல்ல நின்னுக்கிட்டு பல்வலின்னு பொய் சொல்லச் சொல்றியா? ஏம்ப்பா, இப்போ ரெட்டிப்பா வாங்கிட்டா, அடுத்த வருஷம் வேற கஷ்டம் தேடணும். அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு. எங்க வீட்ல அவ்வளவு ஆளு இல்ல."

"இருந்தாலும், ரெட்டிப்புக்கா..."

"எனக்குச் சேர வேண்டியதுன்னு ஒரு தடவை வந்துட்டா, வருஷா வருஷம் தானா வரும். உனக்கும் வரும். பதினோரு பேருக்கும் வரும். உனக்கு வேணாமா?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். போன வருடம் மூன்று நாள் விடுப்புக்காகத் தன் சித்தப்பாவை வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவர் சேர்க்க வேண்டியிருந்தது. அண்ணன் கொடுத்தனுப்பிய ஆரஞ்சுப் பழங்களை, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த சித்தப்பாவும் அவரும் உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள். அதற்குப் பிறகு ஓட்டுநர் ஆரஞ்சுப் பழமே வாங்கியதில்லையாம். "நீங்க கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அக்கா அப்போதுதான் துடைத்திருந்த வளைவை மிதித்துக்கொண்டுதான். அதற்கு ஒரு திட்டும் வாங்கிக்கொண்டார்.

தூது தோற்ற செய்தி வந்த அன்று, அண்ணி பேனாவை மூடி வைத்தார்.

"ஏங்க, ரெட்டிப்பா குடுக்கத் தயார். உள்ளதைக் குடுக்க மாட்டீங்க. இது என்ன வியாபாரம்?"

"உனக்குப் புரியாது. அது நான் குடுக்கறது. இது அவ வாங்கறது."

"ரெண்டும் ஒரே பணந்தானே?"

"பணமா முக்கியம்? மனசு!"

"ஓ. மனசு எனக்கும் ஒண்ணு இருக்கு. ஆறு வருஷமா தினம் மூணு மணி நேரம் இங்க உக்காந்து இந்தக் கணக்கைப் பாக்குறேன். நானும் அரைநாள் ஆளுதான். நாளையிலேர்ந்து எனக்கு லீவு."

"எதுக்கு?"

"சும்மா இருக்கறதுக்கு."

மறுநாள் அண்ணன் தானே சம்பளக் கணக்கில் உட்கார்ந்தார். பதினோரு பேர், ஆளுக்கொரு கட்டடம், மழை நாளில் அரை மணி தாமதம், யாருக்காகவோ யாரோ பார்த்த வேலை. ஒரு மணி நேரத்தில் பென்சிலைக் கடித்துத் துப்பிவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சரி, வந்து அந்த லீவுச் சம்பளத்தைப் போட்டுத் தொலை. பதினோரு பேருக்கும்."

"பன்னெண்டு" என்றார் அண்ணி.

கதை இதோடு முடிந்திருக்கும், அண்ணன் வேறு வகை மனிதராக இருந்திருந்தால். அவர் விடுவாரா? சம்பள நாளன்று சரக்கறையில் டப்பாக்களை ஒதுக்கி நாற்காலிகள் போடப்பட்டன. கேக் வந்தது. சம்பளச் சீட்டுகள் ஆளுக்கொரு உறையில். ஓட்டுநர் கையில் தொலைபேசி, படம் எடுக்க. அண்ணன் பேசினார். "ஒரு நாள் காலையில எழுந்தேன். திடீர்னு மனசுல ஒண்ணு தோணிச்சு. நம்ம பிள்ளைங்க இப்படி உழைக்கிறாங்களே, அவங்களுக்கு லீவுக்கும் சம்பளம் குடுத்தா என்னன்னு..." தொழிலாளர் அலுவலகத் தாள் அவர் மேசை இழுப்பறையில் அடக்கமாகப் படுத்திருந்தது. இருபது நிமிடம் பேசினார். பத்து மணிக்கு அடுத்த வேலைக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து உறையை வாங்கி, பழக்க தோஷத்தில் நன்றி சொன்னார்கள். படிக்கட்டு அக்கா வந்தார். வாங்கினார். அங்கேயே பிரித்தார். "விடுப்புச் சம்பளம்" என்ற வரியின் அடியில் ஆள்காட்டி விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாக ஓட்டினார். விரல் நுனியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ம். சரியா இருக்கு."

மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

"கேக்குக்கு ரொம்ப நன்றிண்ணே. ஒரு வாரம் கழிச்சுப் பாக்கலாம்."

அண்ணன் தலையைச் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, கையை நீட்டியபடியே நின்றார். அந்தப் பேருந்து வரவில்லை. ஓட்டுநர் எடுத்த படம் இன்னும் இருக்கிறது: பின்னால் வாளிகள், முன்னால் ஒரு மனிதர், காற்றுக்கு எதையோ வழங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒரு வாரம் படிகளை யார் துடைப்பது? மற்றவர்களைக் கேட்க அண்ணனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தானே மாப்பை எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் கீழே ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகப் பளபளவென்று துடைத்துக்கொண்டே மேலே ஏறினார். ஆறாவது மாடியில் நிமிர்ந்தபோதுதான், இறங்க வழியில்லை என்பது தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு படிகளும் ஈரம். அரை நிமிடம் நின்றே பழகியவர், அன்று அரை மணி நேரம் நின்றார். ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வந்த யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கைப்பிடியைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தாராம்.

அக்கா திரும்பி வந்ததும் அண்ணனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு வாரம் என்னதான் பண்ணினே?"

"சும்மா இருந்தேன்" என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள், அப்படி ஒரு வாரம் தங்களுக்கும் வேண்டும் என்று அன்றே தேதி குறித்துக் கொடுத்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு வேன் இல்லை, கம்பெனி இல்லை, யாரும் உங்களை அண்ணன் என்றோ அண்ணி என்றோ கட்டாயமாகக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்க வருபவர் போன மாதம் நான்கு நாள் வரவில்லை, இல்லையா? நீங்கள் சம்பளத்தில் பிடிக்கவில்லை. தெரியும், உங்களுக்குப் பெரிய மனது. முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்து, "பரவாயில்ல, வச்சுக்கோ" என்றீர்கள். அவரும் எண்ணிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். வேலை முடிந்தது, கதவைச் சாத்த வேண்டியதுதானே? நீங்கள் சாத்தவில்லை. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வாசலிலேயே ஓர் அரை நிமிடம் நின்றீர்கள்.

எந்தப் பேருந்துக்காக?